கேட்டில் நிற்பவருக்குப் பேசக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் பாதுகாப்பு பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். 2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் டாக்டர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டதிலிருந்து கேமரா, மெட்டல் டிடெக்டர், உடன் வருவோர் கையில் டேக் என்றே பேச்சு நடக்கிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அந்த டேக்கைப் பார்த்து, ‘நீங்கள் போகலாம், நீங்கள் போக முடியாது’ என்று சொல்ல வேண்டியவர் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. அவரைப் பற்றித் தலையங்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ராணுவத்தில் ஓய்வு பெற்று, தென் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் தனியார் ஏஜென்சியின் சூப்பர்வைசராக இருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கென்று 2005-லேயே மத்திய சட்டம் வந்துவிட்டது. அதன் மாதிரி விதிகளின்படி ஒரு காவலாளிக்கு வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்கள் பயிற்சி தர வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கு 40 மணியும் 16 மணியும் போதும். தீயணைப்பு, முதலுதவி, வெடிபொருள் கண்டறிதல், கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல் எல்லாம் பாடத்தில் உண்டு. போலீசிலும் ராணுவத்திலும் யாருக்கு என்ன பதவிச் சின்னம் என்பதுகூட உண்டு. பிள்ளையை ஐ.சி.யூ.வில் படுக்க வைத்துவிட்டு நிலைகொள்ளாமல் வந்து நிற்கும் தகப்பனிடம் எப்படிப் பேசுவது என்பதற்குத் தனித் தலைப்பு இல்லை. இருக்கிற பயிற்சியாவது நடக்கிறதா என்றால், காலையில் சீருடை வாங்கியவர் இரவு ஷிப்டுக்கு நிற்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்குக் கிடைக்கும் உத்தரவு ஒன்றே ஒன்று: ‘யாரையும் உள்ளே விடாதே.’ ஏன் விடக்கூடாது, எப்போது விடலாம், உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால் என்ன சொல்வது, எதுவும் அவருக்குத் தெரியாது. பதில் தெரியாதவர் குரலை உயர்த்துவார். எதிரில் நிற்பவரும் உயர்த்துவார். நாலு பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தால் பிறகு இரண்டு பேராலும் இறங்கி வர முடியாது.

எங்களிடம் ஒரு பெரியவர் இருக்கிறார். முன்பு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒரு நாள் இரவு விபத்தில் அடிபட்ட வாலிபரை 108-இல் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே இரண்டு ஆட்டோவில் உறவினர்கள் வந்து இறங்கினார்கள். இளைஞரான எங்கள் காவலாளி லத்தியைக் குறுக்கே நீட்டி வழியை மறித்தார். அவ்வளவுதான், அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். பெரியவர் ஓடவில்லை, நடந்துதான் வந்தார். முதலில் நம் பையனைப் பின்னால் போகச் சொன்னார். நேருக்கு நேர் நிற்காமல், கைக்கு எட்டாத தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, “அடிபட்ட தம்பிக்கு உங்களில் கூடப் பிறந்தவர் யார்?” என்று கேட்டார். கத்திக்கொண்டிருந்தவரே அண்ணன். அவரை மட்டும் மரத்தடிப் பெஞ்சுக்கு அழைத்துப் போய், தம்பி பெயர் என்ன, எந்த ஊர் என்று விசாரித்தார். பிறகு உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “தையல் போடுகிறார்கள். நினைவு இருக்கிறது, பேசுகிறார். ஸ்கேனுக்கு இந்த வழியாகத்தான் கொண்டுபோவார்கள், இங்கேயே இருந்தால் பார்க்கலாம். அம்மா மட்டும் என்னோடு வரட்டும்” என்றார். அண்ணன் இன்னும் சிறிது நேரம் எங்கள் எல்லோரையும் ஏசினார். பெரியவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அண்ணன் தானாகவே உட்கார்ந்துவிட்டார்.

‘கத்தாதே’ என்று பெரியவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது சேதி. அது கிடைத்தது. அவர் செய்த ஒவ்வொன்றையும் வகுப்பில் நடித்துக் காட்டிச் சொல்லிக் கொடுக்க முடியும்.

பேச்சு எடுபடாத இடமும் உண்டு. கத்தியோடு வருபவனிடம் யாரும் வாதம் செய்யக் கூடாது. விலகி நின்று, மற்றவர்களையும் விலக்கி, புறக்காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். சீருடை போட்டதும் பாதி போலீஸ் ஆகிவிட்டதாக நினைக்கும் பையன்களுக்கு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. சாதாரணக் குடிமகனுக்கு உள்ள தற்காப்பு உரிமைதான் அவருக்கும்.

ஆகவே அடுத்த டெண்டரில் எத்தனை ஆள் என்று கேட்பதோடு, கோபக்காரரைக் கையாள எத்தனை மணி நேரப் பயிற்சி பெற்றவர்கள் என்றும் கேளுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து கேட்டுக்குச் சேதி சொல்ல ஒரு போன் இணைப்பு வையுங்கள். 12 மணி நேரம் நின்றவரிடம் பொறுமையை எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அதிகாரிக்குப் போன் போட்டுக் கொடுத்ததும் கேட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். நெடுநேரமாக ஒழுங்காகக் காத்திருந்தவர் அதைப் பார்த்துத்தான் வெடிக்கிறார். அடி வாங்குவது காவலாளி. அந்தச் சலுகையை நிறுத்த முடியாதென்றால், அப்படிப்பட்டவர்களைப் பின்வாசல் வழியாகவாவது அழைத்துப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு செக்யூரிட்டி சூப்பர்வைசர்,
விருதுநகர் மாவட்டம்.