நல்லெண்ணெய் குடித்த மெஷின்

சிந்துபூந்துறை,
12.8.2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து மகிழ்ச்சி. மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம். பரண்மேல் கிடக்கும் மதினியின் தையல் மெஷினைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதற்கு மட்டும் உடனே பதில் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சக்கரம் சுற்றவில்லை, உள்ளே எல்லாம் தேய்ந்திருக்கும், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று யாரோ சொன்னாராம். தேய்ந்த மெஷின் கடகடவென்று ஆடுமே தவிர நின்றுவிடாது. அசையாமல் நிற்பது இறுகிப்போன மெஷின். இந்த வித்தியாசத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் அம்மாவின் மெஷின் உங்களுக்கு நினைவிருக்கும். பாளையங்கோட்டையில் நாம் படித்த நாட்களில் உங்கள் காக்கி டவுசருக்கு அம்மா அதில்தான் ஒட்டுப்போட்டுக் கொடுத்தாள். 2023 டிசம்பர் 17ஆம் தேதி, மார்கழி முதல் நாள், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையின்போது, தாமிரபரணி எங்கள் தெருவுக்குள்ளும் வந்தது. அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றினோம், டிவியை ஏற்றினோம்; வார்ப்பிரும்புக் கால்களோடு கூடத்தில் நின்ற மெஷினை ஒருவரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், பலகையின் மேற்பட்டை அப்பளம்போல் பொருமிக் கிடந்தது. தலைப்பகுதி முழுவதும் சேறு. சக்கரம் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

நல்ல தண்ணீரை ஊற்றிச் சேற்றைக் கழுவினேன். பழந்துணியால் துடைத்து வெயிலில் வைத்தேன். மூன்று நாளில் சேறு போய்விட்டது. சக்கரம் மட்டும் அப்படியே நின்றது. ஆற்றைத் திட்டிக்கொண்டே சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். அதைச் செய்திருக்கக் கூடாது. நல்ல வேளையாக எதுவும் முறியவில்லை. கடைசியில், மெஷின் பழுது பார்க்கும் ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். அவர் ஊசிப்பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே தேன் நிறத்தில் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது ஆத்துச் சேறு இல்ல அய்யா, நல்லெண்ணெய்லா!" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மா போனபின் இருபது ஆண்டுகளாக, ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை, அடுப்படியிலிருந்து கையில் கிடைத்த எண்ணெயை எடுத்து அந்தத் துளைகளில் பக்தியோடு விட்டுவந்தவன் நான்தான். நல்லெண்ணெய் காற்றுப் படப்படப் பிசுபிசுத்து, நாளடைவில் வார்னிஷ்போல் உறைந்துவிடும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிருக்கே கட்டிவிடும் என்பதைத் தென்காசிக்காரரான உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மெஷினுக்கு விடவேண்டியது, அதற்கென்றே கடையில் விற்கும், நிறமும் வாசனையும் இல்லாத மெஷின் எண்ணெய் ஒன்றுதான். ஆற்றுச் சேறு மூன்று நாளில் போயிற்று. என் பக்தியைக் கரைக்க மூன்று வாரம் ஆயிற்று.

எப்படிக் கரைத்தோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், மதினிக்கு உதவும். இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வோர் இடத்திலும், மேலே இருக்கும் எண்ணெய்த் துளைகளிலும், தலையைப் பின்பக்கம் சாய்த்தால் அடியில் தெரியும் தண்டுகளின் முனைகளிலும், இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடவேண்டும். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். நெல்மணி அளவு அசைந்தாலும் போதும், மறுபடி சொட்டு விட்டு மறுபடி காத்திருக்கவேண்டும். முதல் முழுச்சுற்று எனக்குப் பதினேழாம் நாள்தான் கிடைத்தது. சுற்றத் தொடங்கியதும் மண்ணெண்ணெயை அப்படியே விட்டுவிடக் கூடாது; அது அழுக்கைக் கரைக்குமே ஒழிய இரும்பைக் காக்காது. துடைத்தெடுத்து, மெஷின் எண்ணெய் விட்டு, பழந்துணி ஒன்றைச் சும்மா தைத்து உபரி எண்ணெயை வெளியேற்றவேண்டும். கறுப்பு உடம்பில் பொன்னிறப் பூவேலை இருந்தால் அந்த இடத்தில் ஸ்பிரிட் படவே கூடாது. அதன்மேல் பூசியிருக்கும் அரக்கு மெருகு ஸ்பிரிட்டில் கரைந்து, பூவும் துணியோடு வந்துவிடும். எங்கள் மெஷினில் ஒரு மூலைப் பூ அப்படிப் போனதுதான்.

பிறகு பல்லுக்கு மேலிருக்கும் தகட்டைக் கழற்றினோம். துணியைத் தள்ளும் அந்தப் பற்களுக்கு இடையே, பஞ்சும் நூல்தூசியும் எண்ணெயில் ஊறி, கம்பளித்துண்டுபோல் கெட்டித்துக் கிடந்தன. அதைக் குச்சியால் நோண்டி எடுத்தபோது, அம்மா தைத்த ஏதோ ஒரு பாவாடையின் ஊதா நூல் தனியே வந்தது. பெரியவர் அதைக் குப்பையில் போடாமல் என் கையில் கொடுத்தார்.

சுற்றினால் தைத்துவிடும் என்று நினைத்தேன். தைத்தது, ஆனால் துணியின் அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டது. அடிநூல் சுற்றிய பாபினைப் பிடித்திருக்கும் கூடான பாபின் கேஸின் திருகை நான் முடுக்கப் போனேன், பெரியவர் கையைத் தட்டிவிட்டார். அடியில் நூல் சுருண்டால் குற்றம் மேலே இருக்கிறது என்பது அவர் பாடம். மேல்நூலை அழுத்திப் பிடிக்கும் இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே அழுக்கு இருந்தாலோ, நூல் அவற்றுக்குள் சரியாக இறங்காவிட்டாலோ அடியில்தான் அவலட்சணம் தெரியும். ஒரு துணி நாடாவை அந்தத் தகடுகளுக்கு இடையே விட்டு இழுத்தவுடன் தையல் நேரானது. தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியைப் பார்க்கவேண்டும். தண்டில் தட்டையாக இருக்கும் பக்கம் திரும்பியிருந்தாலோ முனை மழுங்கியிருந்தாலோ அப்படித்தான் விழும்.

எங்களுடையது சிங்கர் 15கே. கே என்ற எழுத்து ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் ஊரிலிருந்த கில்போவி ஆலையைக் குறிப்பதாம். அந்த ஆலையை 1980இலேயே மூடிவிட்டார்கள். ஆனாலும் ஊசியும் பாபினும் நெல்லை டவுன் ரத வீதியில் கேட்டவுடன் கிடைத்தன. 15ஆம் வகை அமைப்பை அத்தனை நாடுகளில் நகல் எடுத்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். ஆகவே, உதிரிப்பாகம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். மதினியின் மெஷின் எந்த வகை என்று எழுதுங்கள், நான் விசாரிக்கிறேன்.

பெல்ட்டுக்குத் தோல் வார் புதிதாக வாங்கினோம். இறுக்கமாகப் போட்டால் மிதி கனக்கும், மதினியின் முழங்காலுக்கு அது ஆகாது; சக்கரம் நழுவாத அளவுக்கு இறுகினால் போதும். தைக்காத நாட்களில் வாரைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டால் அது நீண்டுபோகாது. உங்கள் ஊரில் ஆனி, ஆடிச் சாரலின் ஈரம் இரும்பை விடாது. ஆகவே, ஆனி பிறக்கும் முன் எண்ணெய் தொட்ட துணியால் பளபளப்பான பாகங்களை ஒருமுறை துடைத்துவிடச் சொல்லுங்கள்.

புரட்டாசி முதல் வாரம் மண்ணெண்ணெய்ப் புட்டியோடு நானே வருகிறேன். அதற்குள் பரணிலிருந்து மெஷினை இறக்கிக் கூடத்தில் வையுங்கள். பேரப்பிள்ளைகள் யாரும் அந்தச் சக்கரத்தைப் பலமாகத் திருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயுதபூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதை நான் தடுக்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் மதினி அடுப்படியிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி