வீட்டுக் கடன் தவணையை மாற்றியமைக்கக் கோரி வங்கியின் மண்டல மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காரைக்குடியில் நாங்கள் கட்டிய வீட்டின் மேல் தங்கள் வங்கியில் வாங்கிய கடனுக்குக் காலத்தை நீட்டித்து, மாதத் தவணையைக் குறைத்துத் தரும்படி கொடுத்த மனு கிளையில் கிடக்கும்போதே, கடன் நின்றால் நீதிமன்றம் போகாமலே வீட்டை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டத்தின்படி, 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வீட்டுக்கு வந்துவிட்டது. மனுவுக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

என் கணவர், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர் என்பது தங்கள் கோப்பிலேயே இருக்கிறது. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சாந்தை அளவாக ஊற்றுவதற்கு நடுங்காத கை வேண்டும். பக்கவாதத்தில் வலக்கை விழுந்த பிறகு அவரால் அந்த வேலைக்குத் திரும்ப முடியவில்லை. பலகாரக் கடையில் முறுக்கும் சீப்புச் சீடையும் சுட்டு நான் வாங்கும் கூலிதான் இப்போது வீட்டின் வருமானம்.

அவர் படுத்த உடனேயே கிளைக்கு வந்து கேட்டோம். தவணை தவறாமல் வருகிறதே, இதைச் சிரமத்தில் உள்ள கணக்கு என்று எப்படி எழுதுவது என்றார்கள். அந்தத் தவணை என் சங்கிலியையும் தோட்டையும் அடகு வைத்துக் கட்டியது என்று சொன்னேன். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. அடகு வைக்க எதுவும் மிஞ்சாமல் தவணை நின்று 90 நாள் கடந்ததும், கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டது, இனிச் சீரமைக்க வழியில்லை என்றார்கள். கட்டினால் சிரமமில்லை, கட்டாவிட்டால் தகுதியில்லை என்றால், நாங்கள் எந்த நாளில் வந்து கேட்டிருக்க வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

கடன் கொடுத்தபோது பட்டறை முதலாளி கைப்பட எழுதிய கடிதத்தை வருமானச் சான்றாக ஏற்றது இதே கிளைதான். இப்போது பலகாரக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம் செல்லாது, சம்பளச் சீட்டு வேண்டும் என்கிறார்கள். கூலி வேலைக்கு ஏது சம்பளச் சீட்டு?

காலத்தை நீட்டிப்பது தங்களால் ஆகாத காரியமும் அல்ல. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியபோது, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கடன் காலத்தை நீட்டியது தங்கள் வங்கி. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரிடம் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்ல வேண்டியிருந்தது. வங்கியின் வட்டிக்காக நீட்ட முடிந்த காலத்தை, ஒரு குடும்பத்தின் நோய்க்காக ஏன் நீட்ட முடியாது?

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய் லேவாதேவி நடத்தியவர்களின் ஊர் இது. கொடுத்த பணத்தைக் கேட்பது குற்றம் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. வட்டியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்றோ அசலைக் குறையுங்கள் என்றோ நாங்கள் கேட்கவில்லை. முழுக் கடனையும் கட்டுகிறோம், என் கூலியில் கட்டக்கூடிய தவணையாக மாற்றித் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நோட்டீஸுக்கு எங்கள் ஆட்சேபணையைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். அதை ஏற்காவிட்டால் காரணத்தோடு 15 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று அந்த சர்ஃபேசி சட்டமே சொல்கிறது. கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கும் எங்கள் மனுவையும் அதோடு சேர்த்துப் பரிசீலித்து, முடிவை எழுத்தில் தந்து, அதுவரை வீட்டின் மேல் மேல்நடவடிக்கை எதுவும் எடுக்காமல் இருக்கும்படி தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வங்கியின் வீட்டுக் கடன்தாரர்,
காரைக்குடி