வாத்தியார் பங்கு

பாம்பன்
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கை. உள்ளங்கை இரண்டும் காய்த்துக் கிடக்கின்றன. பேனா பிடித்தால் எழுத்து கோழி கிளறிய மாதிரி வருகிறது. 34 வருடம் கரும்பலகையில் கோடு போட்டவன் கையெழுத்தா இது என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி.

பிரஷர் மாத்திரை ஒன்று இரண்டாகிவிட்டது, ராத்திரி இரண்டு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, அபார்ட்மென்ட் சங்கத்தில் தண்ணீர் லாரிக் கணக்குக்காகச் சண்டை போட்டு வெளியே வந்துவிட்டேன் என்றெல்லாம் எழுதியிருந்தாய். 'இனி மனுஷங்க சங்காத்தமே வேண்டாம், நானும் என் செல்போனும் போதும்' என்று முடித்திருந்தாய். அதற்கடியில் தங்கச்சி பென்சிலில் இரண்டு வரி எழுதியிருந்ததை நீ பார்த்தாயா என்று தெரியவில்லை. 'அண்ணே, காதில் வயரை மாட்டிக்கிட்டு மொட்டை மாடியில் தனியா நடக்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.' அவள் கேட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. புதுப் பாலத்தில் ரயில் ஓடுவது இப்போது பழகிவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிதில், நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே தூக்குவதைப் பார்க்க ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். 1914-இல் திறந்த பழைய பாலம் அப்போது பக்கத்திலேயே ஓய்வு பெற்ற ஆள் மாதிரி நின்றது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு என் நினைப்புதான் வந்தது.

ஓய்வு பெற்ற புதிதில் நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. மாலை போட்டு, மோதிரம் போட்டு, வேனில் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் காலை எட்டரைக்குக் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்தேன். ஆசிரியர் அறை, சங்க அலுவலகத்தில் சாயங்காலச் செஸ், என்.சி.சி. பையன்கள், மூன்றும் ஒரே நாளில் போய்விட்டன. சம்பளம் பாதியானது கூட எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு நாள் தோன்றியது: இந்தத் தொண்ணூறு நாளில் 'நேத்து ஏன் வரலை?' என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, நான்தான் எங்கும் போகவில்லையே.

அப்புறம் சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். தென்கடல் கரையோரமாக நடப்பேன். வாடைக்காற்று காலத்தில் தென்கடல் குளம் போலக் கிடக்கும், உனக்குத் தெரியும். அப்போதுதான் கரைவலை இழுப்பார்கள். சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் மீன் பொறுக்க ஓடிய அதே கரைவலைதான். படகு ஒரு வடத்தின் முனையைக் கரையில் விட்டுவிட்டு, அரை வட்டமாக வலையை விட்டுக்கொண்டே போய், மறுமுனையைத் தள்ளிக் கொண்டு வந்து கொடுக்கும். இரண்டு வடத்திலும் ஆட்கள் நின்று இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம் இழுக்க வேண்டும். ஒரு நாள் நீரோட்டம் பலமாக இருந்தது, ஆளும் குறைவு. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி திரும்பிப் பார்த்து, "வாத்தியாரே, சும்மாதானே நிக்கிறீங்க, ஒரு கை போடுங்க" என்றார்.

போட்டேன். இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். அதில் ஒரு சின்னக் கயிறு தொங்கும். அதன் நுனியை வடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். குதிகாலை மணலில் ஊன்றிப் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். வரிசையில் கடைசிக்கு வந்துவிட்டால் கயிற்றை உருவிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு ஓடி, மறுபடியும் முதல் ஆளாக மாட்டிக்கொள்ள வேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு கிழவர் உட்கார்ந்து ஈர வடத்தைச் சுருட்டிக்கொண்டே இருப்பார். நான் நாலு தடவை முன்னுக்கு ஓடியிருப்பேன், ஐந்தாவது தடவை மூச்சு வாங்கியது. உன்னிடம் மறைப்பானேன், மாட்டிக்கொண்டு இழுப்பது போலப் பாவனை செய்தேன். எனக்கு முன்னால் பத்துப் பேர், பின்னால் ஆறு பேர், யாருக்குத் தெரியப்போகிறது? பின்னாலிருந்து குரல் வந்தது. "வாத்தியாரே, கயிறு தூங்குது."

வலை ஏறியது. மீன் சேரும் பையான வலை மடியில் பெரும்பாலும் காரல், கொஞ்சம் சூடை, நாலைந்து கணவாய். பங்கு பிரித்தார்கள். எனக்கும் ஒரு குவியல் வைத்தார்கள். "எனக்கெதுக்கு, பென்ஷன் வருதே" என்றேன், பெருந்தன்மையாகப் பேசுகிற நினைப்பில். சம்மாட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "பங்கு வேணாம்னா நாளைக்குக் கயிறைத் தொடாதீங்க" என்றார். 'நான் தந்தது பிச்சையா?' என்று அவர் கேட்காமல் கேட்டது எனக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் புரிந்தது. காரலை வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்தேன். வேட்டி நாற்றத்துக்கு அன்றைக்கு வீட்டில் எனக்குக் கிடைத்த அர்ச்சனை தனிக்கதை.

மனநல ஆலோசகராக இருக்கிறாளே என் மகள், அவளிடம் இந்தத் தூங்குகிற கயிற்றைப் பற்றிச் சொன்னபோது, "அப்பா, உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் இதை அளந்து வச்சிருக்கார்" என்று சிரித்தாள். மேக்ஸ் ரிங்கெல்மான் என்று பிரான்ஸில் ஒரு வேளாண் பொறியாளர். ஆட்களைக் கயிறு இழுக்க விட்டு அளந்து, 1913-இல் எழுதி வைத்திருக்கிறார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவர் இழுப்பும் குறைகிறது. எட்டுப் பேர் சேர்ந்தால், தனித்தனியாக இழுத்ததைக் கூட்டி வருவதில் பாதி அளவுதான் தேறியதாம். எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததுதான் முக்கியக் காரணம் என்று அவர் நினைத்திருக்கிறார். பிறகு 1974-இல் அமெரிக்காவில் சிலர் ஒரு வேலை செய்தார்கள். ஆட்களின் கண்ணைக் கட்டி, பின்னால் நிறையப் பேர் இழுப்பதாக நம்பவைத்தார்கள். உண்மையில் இழுத்தது அந்த ஒருவர் மட்டும்தான். அப்போதும் இழுப்பு குறைந்தது. ஆக, நான் செய்த திருட்டு உலகப் பொது.

அப்படியானால் கரைவலை எப்படிக் கரையேறுகிறது? எனக்குத் தெரிந்த வரையில், வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு பாதி வேலையைச் செய்கிறது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று ஏற்கும்போது எல்லாக் குதிகாலும் ஒன்றாக மணலில் இறங்கும். மீதிப் பாதியை அந்தக் குவியல் பார்த்துக்கொள்கிறது. என் பங்கு என்று ஒன்று இருக்கிறது, என் கயிறு தூங்கினால் பார்க்க ஒரு கண் இருக்கிறது. சங்கம், குழு, டீம் என்று என்ன பெயர் வைத்தாலும் இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது வெறும் கூட்டம் என்பது என் கட்சி. வாட்ஸ்அப்பில் நம் பத்தாம் வகுப்புக் குழு இருக்கிறதே என்பாய். போன மாதம் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தேன். தினமும் குட்மார்னிங் ரோஜாப்பூ வந்தது, நான் இல்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கரையிலிருந்து இரண்டாம் நாளே ஒரு பையன் வீட்டு வாசலில் நின்றான். "சம்மாட்டி கேக்கச் சொன்னாரு, ஏன் வரலைன்னு."

அந்தக் கேள்விக்குத்தான் மாப்ளே, நான் இரண்டரை வருடம் காத்திருந்திருக்கிறேன் போல.

உடம்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்பாய். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் படகுப் பந்தயக்காரர்களைத் தனித்தனியாக ஒரு நாள், சேர்த்து ஒரு நாள் துடுப்புப் பயிற்சி செய்யவைத்து, முடிந்ததும் கையில் பிரஷர் பட்டையை இறுக்கி எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். உழைப்பு ஒன்றுதான், ஆனால் சேர்ந்து செய்த நாளில் கூடுதல் வலி தாங்கினார்களாம். மூன்று மணி நேரம் வடம் இழுத்துவிட்டு வந்து என் இடுப்பு சும்மா இருப்பதும், வீட்டில் ஒரு சிலிண்டரை நகர்த்தினால் பிடித்துக்கொள்வதும் அதனால்தான் என்று நான் சாதிக்கிறேன். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு ஆய்வு நம் இருவருக்கென்றே செய்தது போல இருக்கிறது. 2016-இல் வந்தது. இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற 424 பேரை ஆறு வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஓய்வுக்கு முன் இரண்டு குழுக்களில் இருந்து, பிறகும் இரண்டிலும் நீடித்தவர்களுக்கு அடுத்த ஆறு வருடத்தில் இறக்கும் வாய்ப்பு 2 சதவீதம். ஒன்றை விட்டவர்களுக்கு 5. இரண்டையும் விட்டவர்களுக்கு 12. கணக்கு வாத்தியார் புத்தி விடுமா? உடம்பு சரியில்லாதவன்தானே முதலில் கூட்டத்தை விட்டு விலகுவான், எது காரணம் எது விளைவு என்று மகளை மடக்கினேன். ஆரம்பத்தில் யாருக்கு உடம்பு எப்படி இருந்தது, வயது என்ன என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள் என்றாள். சரி, முழுதாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி நம்புகிறேன். நான் மூன்றை ஒரே நாளில் விட்டவன், நீ உன் ஆபீஸ், பூப்பந்து, இப்போது சங்கம். எண்ணிக்கொள்.

பக்கத்து வீட்டு அக்கா கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறைக்கு இடையில் மூழ்கி எழுந்து பையை நிரப்புகிற வேலை. சின்னப்பாலத்து லட்சுமி 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கிற சீகாலஜி அமைப்பின் விருதை வாங்கியது இந்த வேலை செய்கிற பெண்களை ஒன்றாக நிறுத்தியதற்குத்தான். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். பாசி வளர விட வேண்டும் அல்லவா? "பதிமூணாம் நாள் தனியாப் போனா நாலு காசு கூடக் கிடைக்குமே அக்கா" என்று கேட்டேன். "போகலாம் தம்பி. மறுநாள் வத்தைப் படகுல யாரு பக்கத்துல உக்கார்றது?" என்றார்.

இதையே திருப்பிப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. எல்லாம் தேனும் பாலும் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன மார்கழியில் ஒரு பையன் பங்குக் கணக்கைக் கேட்டான். வலைக்கும் படகுக்கும் போக மீதிதான் எங்களுக்கு. அன்றைக்கு மீதியில் இடித்தது. அவன் கேட்டது நியாயம், நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மறுநாளிலிருந்து அவனுக்குக் கயிற்றில் இடம் இல்லை. யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவன் வந்தால் இடைவெளி விடாமல் நெருங்கி நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு மாதம் கரையில் தள்ளி உட்கார்ந்திருந்தான். ஊரிலேயே கணக்குச் சொல்லத் தகுதியுள்ளவன் நான். வாயைத் திறக்கவில்லை. எனக்கும் இடம் போய்விடுமோ என்ற பயம், வேறென்ன. பொங்கலுக்கு முந்தின நாள்தான் சம்மாட்டியைத் தனியாகப் பார்த்து, துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் வலை விடவில்லை, அதற்கடுத்த நாள் பையன் கயிற்றில் நின்றான். இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு மாதம் கழித்து வந்த நியாயத்துக்கு அது சரியான கூலி.

ஆகையால் உன் சங்கச் சண்டை எனக்குப் புரிகிறது. தண்ணீர் லாரிக் கணக்கு நீ சொல்வது போல இருந்தால் நீ கேட்டது சரிதான். கேட்டுவிட்டு வெளியே வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பையனைத் தள்ளி உட்கார வைத்தார்கள். நீ நாற்காலியை நீயே தூக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறாய்.

மாசி முழுக்க இங்கே வலை விடுவார்கள். கச்சான் காற்று கிளம்பிவிட்டால் தென்கடலில் கால் வைக்க முடியாது, அதற்குள் வா. மதுரை வந்து ராமேசுவரம் பாசஞ்சரைப் பிடித்தால் பாம்பனில் இறங்கிக்கொள்ளலாம், நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். தங்கச்சியையும் கூட்டி வா, பக்கத்து வீட்டு அக்கா அவளைப் பார்த்தே தீருவேன் என்கிறார். காலையில் டீக்கடையில் கடல் ஓசை ரேடியோவில் காற்று நிலவரம் கேட்டுவிட்டு ஐந்தரைக்குக் கரைக்குக் கிளம்புவோம். எப்படியும் உனக்கு ராத்திரி இரண்டு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறதே, சிரமம் இருக்காது.

காது வயரை ரயிலிலேயே கழற்றிப் பையில் போட்டுவிடு. அம்பா கேட்காதவனை வடத்தில் விட மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்சுக்காரன்

பி.கு: பழைய பேண்ட் ஒன்று எடுத்து வா. சம்மாட்டியிடம் சொல்லிவைத்துவிட்டேன். "புது ஆளா? முதல் நாள் அரைப் பங்குதான்" என்றார். பேரம் பேசிப் பார்த்தேன், மசியவில்லை.