35 கிலோ கேரியரில் 53 கிலோ சைக்கிள்கள்: டெபாசிட் பிடித்தம் குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
ஐரோப்பியச் சுற்றுலாப் பிரிவு, சென்னை.

பொருள்: மியூனிக் முதல் வெரோனா வரையிலான கேம்பர்வேன் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வேன்), இ-சைக்கிள் பேக்கேஜ், பின்கதவுச் சேதத்துக்காக 740 யூரோ பிடித்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் 1,500 யூரோ டெபாசிட்டில் 740 யூரோவைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறீர்கள். காரணமாக ஒரே ஒரு வரி: "வலது பின்கதவுக் கீல் வளைவு, வாடிக்கையாளர் ஏற்றிய அதிக பாரம்." அந்தப் பாரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாங்கள் அல்ல. வேன், அதன் பின்கதவில் சைக்கிள் மாட்டும் கேரியர், இரண்டு இ-சைக்கிள்கள் எல்லாமே ஒரே ரசீதில் நீங்கள் கொடுத்தவை.

கேரியரின் அடிக்குழாயில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதிகபட்ச எடை 35 கிலோ என்று இருக்கிறது. சாதாரண சைக்கிள் இரண்டுக்கு அது போதும். நீங்கள் கொடுத்த இ-சைக்கிள் ஒவ்வொன்றும் பேட்டரியோடு 26.5 கிலோ, விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசிலேயே இது தெரிந்துவிடும். தலா 3.5 கிலோ பேட்டரியைக் கழற்றி வேனுக்குள் வைத்த பிறகும் இரண்டும் சேர்ந்து 46 கிலோ. வரம்பைவிட 11 கிலோ கூடுதல். 60 கிலோ தாங்கும் கேரியர் ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை. இ-சைக்கிள் வாடகைக்கு விடுபவர் முதலில் வாங்க வேண்டியதே அதுதான்.

எடையோடு தொல்லை முடியவில்லை. சைக்கிள்களின் பாரம் கதவுக்கு ஓர் அடி வெளியே தள்ளித் தொங்குகிறது. அதனால் கதவின் மேல்கீலை அது வெளிப்புறமாக இழுக்கிறது, கீழ்க்கீலை உள்ளே அழுத்துகிறது. சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும் நொடியில் இந்த இழுவை பல மடங்காகிறது. போதாக்குறைக்கு, இந்த வேனில் கேஸ் சிலிண்டர் பெட்டி பின்கதவைத் திறந்தால்தான் கைக்கு எட்டும். சைக்கிளை மாட்டிய நிலையில் கதவைத் திறக்காதீர்கள் என்கிறது உங்கள் கையேடு. பயணத்தின்போது கேஸ் வால்வை மூடுங்கள் என்பதும் அதே கையேடுதான். இரண்டையும் கடைப்பிடிக்க வேண்டுமானால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் 46 கிலோவை இறக்கி ஏற்ற வேண்டும்.

டயர் அகலம் 2.4 அங்குலம். கேரியரின் பிளாஸ்டிக் பட்டை அதைச் சுற்றி வந்து பக்கிளில் இரண்டே பல் பிடித்தது. தனியாக ராட்செட் பெல்ட் (சுமையை இறுக்கிக் கட்டும் பட்டை) வாங்கிக் கட்டித்தான் ஆஸ்திரிய-இத்தாலி எல்லையிலுள்ள பிரென்னர் கணவாயைத் தாண்ட முடிந்தது. ஒரு சைக்கிளை உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்றார் உங்கள் உதவி எண்ணில் பேசியவர். உள்ளே வைத்தால் கட்டிலை மடக்க வேண்டும். தரையில் கட்டுவதற்கு வளையமோ தண்டவாளமோ கிடையாது. திடீர் பிரேக்கில் 23 கிலோ இரும்பு ஓட்டுநர் முதுகுக்குப் பாயும்.

இனி முக்கியமான சான்று. வேனைப் பெற்ற அன்று காலை எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல்கீலில் பெயிண்ட் உரிந்த இடம் பளபளக்கவில்லை. பழுப்புத் துரு படிந்திருக்கிறது, அதன் மேல் கறுப்பு சீலன்ட் (இடுக்கு அடைக்கும் பசை) விரலால் தேய்த்துப் பூசிய தடம். கதவின் கீழ் இடைவெளி இடப்புறம் 4 மி.மீ., வலப்புறம் 9. அன்றைக்கே கதவு தொங்கியிருக்கிறது. ஒப்படைப்புத் தாளிலோ "பின்கதவு: ஓகே".

வேறு இரண்டு குறைகளும் உண்டு. இத்தாலியில் வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு 50 × 50 செ.மீ. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட, ஒளி பிரதிபலிக்கும் பலகை கட்டாயம். கேரியரோடு அது தரப்படவில்லை, நாங்களே வாங்கினோம். "டோல் அனைத்தும் உட்பட" என்று விளம்பரம் செய்துவிட்டு ஆஸ்திரிய விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டண வில்லை) மட்டும் எடுத்திருந்தீர்கள். பிரென்னர் நெடுஞ்சாலை ஏ13-க்கு விக்னெட் செல்லாது, தனி டோல். சில யூரோதான், அதை நாங்கள் கேட்கவில்லை, விளம்பரத்தைத் திருத்துங்கள்.

நாங்கள் கேட்பது: பிடித்த 740 யூரோ, கேரியருக்கென்று தனியே வசூலித்த 90 யூரோ, பலகைக்கும் பெல்ட்டுக்கும் ரசீதுப்படியான தொகை. கீல் மாற்றிய பணிமனையின் பில்லும் பழைய கீலின் படமும் வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நாங்கள் வசிக்கும் சென்னையிலேயே மாவட்ட ஆணையத்தில் மனு செய்வோம்.

முன்பதிவுப் படிவம், ஸ்டிக்கர், கீல், தராசுப் படங்கள், ரசீதுகள் ஆகியவற்றை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்கள் இருவர்