ஆபீஸ் வேலை கெடாமல் ஒரு சினிமா

திருச்சி,
ஞாயிறு மாலை

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டி ஆபரேஷன் முடிந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

என் பேத்தி சினிமாப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள் அல்லவா, போன வாரம் லேப்டாப்பில் ஒரு நிமிடப் படம் ஒன்று காட்டினாள். பெரிய பெரிய முட்டைக்கோஸ்கள்; அவற்றின் பின்னாலிருந்து ஒரு தேவதை குழந்தைகளை எடுத்துத் தரையில் வைக்கிறாள். தம்பிப் பாப்பா எப்படி வந்தது என்று கேட்டால் நாம் "ஆஸ்பத்திரியில் வாங்கினோம்" என்போமே, பிரான்சில் முட்டைக்கோஸ் கதை சொல்வார்களாம். எடுத்தது யார் தெரியுமா? நம்மைப் போல ஒரு ஸ்டெனோ!

பெயர் ஆலிஸ் கீ. அப்பா போன பிறகு டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் கற்று, 1894-இல் பாரிஸில் கேமரா விற்கும் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள். வயது போதாதே என்று அங்கே பொறுப்பிலிருந்த லியோன் கோமோன் தயங்க, அது போகப் போகச் சரியாகிவிடும் என்றாளாம். மறு வருடம் லூமியேர் சகோதரர்கள் படம் ஓட்டிக் காட்டியதைப் பார்த்தவள், இதில் கதை சொல்லலாமே என்று கோமோனிடம் கேட்டாள். சரி என்றார், ஆபீஸ் கடிதங்கள் தேங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு! நம் செக்‌ஷனில் லீவு கேட்டபோதெல்லாம் வந்த பதில்தான். முட்டைக்கோஸ் கதையை முதலில் 1896-இல் எடுத்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. பாட்டை முதலில் இசைத்தட்டில் பதிந்துவிடுவாள்; அப்புறம் பாடகர் கேமரா முன் நின்று, ஓடும் பாட்டுக்கு வாயசைக்க வேண்டும். 1900-களிலேயே! நாம் கொட்டகையில் பார்த்து மயங்கியதெல்லாம் இதே வித்தைதானே.

கல்யாணமாகி 1907-இல் அமெரிக்கா போனாள். 1910-இல் சோலாக்ஸ் என்று சொந்தக் கம்பெனி. பிறகு நியூ ஜெர்சி ஃபோர்ட் லீயில் ஸ்டூடியோ. 'இயல்பாக இருங்கள்' என்று அங்கே பெரிய போர்டு வைத்திருந்தாள். அப்புறம் கடன், விவாகரத்து. 1922-இல் பிள்ளைகளோடு பிரான்ஸ் திரும்பியவளுக்கு மறுபடி படம் எடுக்க வாய்ப்பே வரவில்லை. 1927-இல் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகம்வரை போய்த் தேடியும் தன் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதற்கிடையில் அவள் எடுத்தவற்றில் பல, ஆண்கள் பெயரில் ஏறிவிட்டன. நீ எழுதிக் கொடுத்த நோட்டுக்கு யார் யாரோ பாராட்டு வாங்கினார்களே, ஞாபகமிருக்கிறதா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

1950-களில் பிரான்ஸ் அரசு விருது கொடுத்தது. 94 வயதுவரை இருந்து 1968-இல் காலமானாள். படங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கத் தொடங்கியது பெரும்பாலும் அதற்கப்புறம்தான்.

சரி, உன் பழைய டைப்ரைட்டர் இன்னும் பரணில்தானே இருக்கிறது? எடைக்குப் போட்டுவிடாதே. பேத்திக்கு அதைத் தட்டிப் பார்க்க வேண்டுமாம். பொங்கல் கழித்து இருவரும் வருகிறோம்.

அன்புடன்,
சுகந்தி