கருகிய ஸ்டேட்டரை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்

தமிழ்நாடு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கும் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிரிவுப் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம். மாணவர்களுக்கு ஆர்வம் வர வேண்டும் என்று பேச்சாளர்களை அழைத்து ஊக்க உரை நடத்துகிறீர்கள். அந்தச் செலவில் காயில் கட்டும் கடையிலிருந்து கருகிய ஸ்டேட்டர்கள் (மோட்டாரில் காயில் சுற்றியிருக்கும், சுழலாத பகுதி) இரண்டு மூன்றை வாங்கலாம். செம்பின் எடைக்குத்தான் விலை சொல்வார்கள்.

5 எச்.பி., மூன்று பேஸ், 2-போல் மோனோபிளாக்காக (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) பார்த்து எடுங்கள். (நீர்மூழ்கி மோட்டாரின் காயில் வயர் வேறு வகை, இந்தப் பாடத்துக்கு ஒத்துவராது.) மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கருகிய காயில் தொகுதிகளை எண்ணச் சொல்லுங்கள். பேஸுக்கு இரண்டாக மொத்தம் ஆறு இருக்கும். மூன்று பேஸ் காயில்களையும் முக்கோணமாக இணைத்தால் டெல்டா, ஒரு முனையை ஒரே புள்ளியில் சேர்த்தால் ஸ்டார். எதிரெதிரே இரண்டு மட்டும் கருகி மற்ற நான்கும் புதுசாக இருந்தால், டெல்டாவில் ஓடும்போது ஒரு பேஸ் போயிருக்கிறது. நான்கு கருகி இரண்டு தப்பியிருந்தால், ஸ்டார் இணைப்பில் ஒரு பேஸ் போயிருக்கிறது. ஆறும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு, குறைந்த வோல்டேஜ், இறுகிய இம்பெல்லர் என்று தேட வேண்டும். ஒரே இடத்தில் செம்பு உருகி முத்தாகத் திரண்டிருந்தால் ஷார்ட்.

"ஓவர்லோடு ரிலே இருந்தும் ஏன் எரிந்தது?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கும்வரை பொறுத்திருங்கள். (கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்த வேண்டியது அந்த ரிலேதான்.)

மோட்டாரின் நேம்பிளேட்டில் 7.5 ஆம்பியர் என்று இருக்கிறது, அது லைன் கரண்ட். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பலவற்றில் ரிலே லைனில் இல்லை, காயில் பாதையில் இருக்கிறது. அங்கே ஓடுவது 7.5-ஐ ரூட் 3-ஆல், அதாவது 1.732-ஆல் வகுத்த 4.3 ஆம்பியர்தான். தோட்டத்தில் போய்ப் பார்த்தால் ரிலேயின் டயல் 7.5-இல் நிற்கும், நேம்பிளேட்டைப் பார்த்துத் திருகியிருப்பார்கள். இப்போது ஒரு பேஸ் போகிறது. முழு லோடு அப்படியே இருந்தால் லைனில் 13 ஆம்பியர் வரை ஏறும். அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 8.7, ஒரே காயில் வழியாகப் போகும். காயிலுக்கு அது இரண்டு மடங்கு. 7.5-இல் வைத்த ரிலேவுக்கோ வெறும் 15 சதவீதம் கூடுதல். அது டிரிப் ஆவதற்குள் காயில் வெந்துவிடும். 4.3-இல் வைத்திருந்தால் சில நிமிடங்களில் நிறுத்தியிருக்கும். ரூட் 3-ஐக் கரும்பலகையில் எழுதிப் போட்டு வராத அக்கறை இங்கே தானாக வரும்.

அந்த மோட்டாரோடு வந்த ஸ்டார்ட்டரையும் கேட்டு வாங்குங்கள். குழிவிழுந்த கான்டாக்ட், லூசான லக், உருகிய பியூஸ் கேரியர், மூன்றில் ஒன்று அகப்படும்.

துறையிடம் ஒரு கோரிக்கை. பழைய ஸ்டேட்டருக்குக் கடைக்காரர் பில் தருவதில்லை; வவுச்சரை வைத்தே வாங்க அனுமதியுங்கள். பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு 150 மணி நேரம் பணியிடப் பயிற்சி இருக்கிறது. அதற்கு வருகைக் கையெழுத்து மட்டும் போதாது. பழுதுக்கு ஒரு அட்டை கேளுங்கள்: வந்த புகார், மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) அளவு, மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டர் அளவு, கண்டுபிடித்த காரணம், மாற்றிய பாகம்.

கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பழைய காயிலை உருவுவதற்காக உளி வைத்து ஒரு பக்கத்தை வெட்டிவிட்டால் கருகிய தடம் போய்விடும். எச்.பி., ஸ்டாரா டெல்டாவா, ரிலே டயல் எதில் நின்றது, இந்த மூன்றையும் எழுதிய சீட்டு ஸ்டேட்டரிலேயே கட்டியிருக்கட்டும்.

இப்படிக்கு,
பம்ப்செட் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்போர்