திங்கட்கிழமை வேலையில் சேருமுன் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

திங்கட்கிழமை வேறொரு விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் சேர்கிறேன். நேரில் சொல்ல வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்து மனம் மாறிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன், மன்னியுங்கள். பறப்பதை நிறுத்திவிட்ட நம் நிறுவனத்தின் வழக்கு நடப்பதாலும் இதை யார் யாரோ படிப்பார்கள் என்பதாலும் அதன் பெயரையோ நமக்கு வரவேண்டிய நிலுவைத் தொகையையோ இங்கே எழுதவில்லை.

கடைசி விமானம் வந்து நின்ற இரவை மறக்க முடியவில்லை. அது மறுநாள் பறக்கப்போவதில்லை என்பது ஷிஃப்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் நீங்கள் டார்ச்சும் கையுமாகக் குனிந்து ஒவ்வொரு டயரின் தேய்மானத்தையும் பார்த்தீர்கள். வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்களுக்குச் சிவப்பு உறை மாட்டிவிட்டு, விமானத்தின் குறிப்பேடான டெக் லாகில் ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பிக் கையெழுத்திட்டீர்கள். அன்று உங்கள்மீது வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

ஆனால் சம்பளமில்லாத அந்த மாதங்களில் “இன்னும் கொஞ்சம் பொறுங்கள்” என்று எங்களைப் பிடித்து வைத்ததும் நீங்கள்தானே? மேலிடத்தை நம்பித்தான் சொன்னீர்கள், தெரியும். நான் கடன் வாங்கியது உங்களை நம்பி.

விமானங்களை மீட்க வந்த குத்தகை நிறுவனத்தார் முதலில் கேட்டது பராமரிப்புப் பதிவேடுகளைத்தான். எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, யார் சான்றளித்தார் என்ற பதிவு இல்லாத விமானத்துக்குச் சந்தையில் பெரிய மதிப்பில்லை. அவர்களுடைய சொத்தின் மதிப்பைக் காத்தவை நம் கையெழுத்துகள். நாமோ நம் கூலி பாக்கிக்காக, நிறுவனத்துக்குக் கடன்கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்கிறோம்.

அந்த வரிசை எப்போது நகரும்? வேறொரு நிறுவனமான ஜெட் ஏர்வேஸின் கதையைப் பாருங்கள்: 2019 ஏப்ரல் 17 அன்று அது பறப்பதை நிறுத்தியது. அதைக் கலைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பர் 7 அன்று. நம் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் அவ்வளவு காலம் காத்திருக்காது. முந்தைய 24 மாதங்களில் 6 மாதப் பராமரிப்பு அனுபவம் இல்லாவிட்டால், பொதுவாக விமானத்துக்குச் சான்றளிக்க முடியாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். பிறகு ஏன், சங்கத்தில் சிலர் என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்றபோது வாய்மூடி இருந்தீர்கள்? என் உரிமைகோரல் மனுவை நான் திரும்பப் பெறவில்லை. பெறவும் மாட்டேன்.

அண்ணா, அங்கே உங்கள் அனுபவத்துக்கேற்ற இடம் ஒன்று காலியாக இருக்கிறது. என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், சான்றளிக்கும் தகுதி உங்கள் கையைவிட்டுப் போகுமுன் விண்ணப்பித்துவிடுங்கள்.